கைராசியும் சான்றும்

சிற்றிதழ்ச் சூழலில் மருத்துவம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பழைய புலம்பல் தவறாமல் ஒலிக்கிறது. அக்காலத்து மருத்துவர் நாடியைத் தொட்ட மாத்திரத்தில் நோயை அறிந்தாராம். இன்றையவரோ ஆய்வேடுகளையும் புள்ளிவிவரங்களையும் கட்டிக்கொண்டு மனிதனை எண்ணாகக் குறுக்கிவிட்டாராம். கேட்க இதமான இக்கருத்தை நான் முற்றாக மறுக்கிறேன். நம் தெருமுனைக் கிளினிக்குகளில் ஆய்வுச் சான்று மிகுந்துபோய்விடவில்லை. அது இன்னும் அவற்றின் வாசற்படியையே தாண்டவில்லை.

‘கைராசி’ என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். சாதாரணச் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே தணியும். மூன்றாம் நாள், துன்பம் உச்சத்தில் இருக்கையில் மருத்துவரிடம் போகிறோம். ஊசி போடுகிறார். ஐந்தாம் நாள் எழுந்து நடமாடுகிறோம். பெருமை ஊசிக்கும் அதைப் போட்ட கைக்கும் போய்ச் சேர்கிறது. போடாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாமும் அறியோம், அவரும் அறியார். குணமானவர் மறுபடி வந்து கும்பிடுகிறார். குணமாகாதவர் வேறு மருத்துவரைத் தேடிப் போய்விடுகிறார். ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாத அனுபவம் முப்பதாண்டு நீண்டாலும் தன்னைத் தானே திருத்திக்கொள்வதில்லை.

இது சிற்றூர் மருத்துவருக்கு மட்டும் நேர்வதன்று. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் இதயத்துடிப்பு அடிக்கடி தப்புகிறவர்கள் திடீரென இறப்பது அதிகம். துடிப்பைச் சீராக்கினால் உயிர் தங்கும் என்று 1980-களில் அமெரிக்க இதய மருத்துவர்கள் நம்பினார்கள். அதற்காக ஃபிளெக்கெய்னைடு, என்கெய்னைடு ஆகிய மருந்துகளைக் கொடுத்தார்கள். இ.சி.ஜி. தாளில் கோடுகள் அழகாகச் சீர்பட்டன. பின்னர் ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்துச் சோதித்தார்கள். 1991-இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர் 26 பேர்தான். எந்தத் தனி மருத்துவரின் அனுபவமும் இதைக் கண்டுபிடித்திருக்காது. அவர் கண்ணில் பட்டது சீரான கோடு. இறந்தவரை நோய் முற்றியவர் கணக்கில் எழுதியிருப்பார்.

அன்றாட மருத்துவத்துக்கு வருவோம். 1971-இல், வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலானபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளியின் உறவினரையே ஊட்டச் சொன்னார். அக்கரைசலைப் பெற்றவர்களில் இறப்பு 3.6 விழுக்காடாக இறங்கியது. இன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் வரலாறு இது. இந்திய மண்ணில் மெய்ப்பிக்கப்பட்ட சான்று. ‘ஆய்வெல்லாம் மேற்கத்தியச் சரக்கு’ என்போர் இதை நினைவில் கொள்வது நலம்.

ஆயினும் வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைக்கு நம் மருத்துவர்கள் இதை எழுதித் தருகிறார்களா? ‘சயின்ஸ்’ இதழில் 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் கேட்டது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில், 2,282 தனியார் சிகிச்சையாளர்களிடம் பயிற்சி பெற்ற ஆட்கள் பெற்றோரைப் போலச் சென்றார்கள். ஓ.ஆர்.எஸ். நல்லது என்று அறிந்த மருத்துவரே அதைத் தராமல் விடுவது ஏன்? இருப்பு இல்லாமையா, ஆன்டிபயாடிக் விற்பதில் வரும் காசா? இவ்விரண்டும் அக்குறையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5, 6 விழுக்காட்டுக்கே காரணம். 42 விழுக்காட்டுக்குக் காரணம், ‘நோயாளிக்கு இது பிடிக்காது’ என்ற மருத்துவரின் ஊகம். உப்புநீர்ப் பொட்டலத்தை மருந்தென்று மதிக்கமாட்டார்கள் என்று அவர் நினைக்கிறார். எது நல்லதோ அதை டாக்டர் தருவார் என்று தாய் நினைக்கிறாள். இருவரும் வாய் திறப்பதில்லை. இடையில் குழந்தையின் உடல் வற்றுகிறது.

சான்று கிளினிக்குக்குள் நுழையாததன் விலையை 2025 செப்டம்பர், அக்டோபரிலும் கண்டோம். மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த சிறு குழந்தைகள் இருபது பேருக்கும் மேல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையொன்றில் தயாரான அந்த சிரப்பில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் இருந்ததாகத் தமிழக அரசின் பரிசோதனை காட்டியது. நஞ்சு கலந்தது மன்னிக்க முடியாத குற்றம். ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு: அந்த சிரப் எதற்காகக் கொடுக்கப்பட்டது? சிறு குழந்தையின் சளி இருமலில் இத்தகைய மருந்துகளால் பயன் உண்டு என்பதற்குத் தக்க சான்று இல்லை. அந்த சிரப்பில் இருந்த குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் கூட்டை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரலாகாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது. ஆணை தாளில் இருந்தது, பாட்டில் கிளினிக்கில் இருந்தது.

‘சான்று என்பது சராசரி, என் எதிரில் இருப்பவரோ தனி மனிதர்’ என்பது வழக்கமான எதிர்வாதம். இதை மறந்தவர்கள் சான்றுசார் மருத்துவத்தின் மூலவர்கள் அல்லர். டேவிட் சாக்கெட்டும் தோழர்களும் 1996-இலேயே, ஆய்வுச் சான்றும் மருத்துவரின் தேர்ச்சியும் நோயாளியின் விருப்பமும் கூடியதே அது என்று தெளிவாக எழுதினார்கள். மருந்துக் கம்பெனிகள் ஆய்வுகளை வளைத்ததும், பாதகமான முடிவுகளை மறைத்ததும் உண்மையே. ஆனால் அவற்றை அம்பலப்படுத்தியது இன்னும் கறாரான ஆய்வுதான், கைராசி அன்று.

இலக்கியம் பயின்ற நமக்கு இது அயலான முறையும் அன்று. சீவக சிந்தாமணியை 1887-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோது, தம் செவிக்கு இனித்த பாடமே சரி என்று விட்டுவிடவில்லை. ஏடுகளைத் தேடினார், ஒப்புநோக்கினார், தெரியாததைச் சமணர்களிடம் கேட்டார். அதனால் அவருடைய புலமை குறைந்ததென்று எவரும் சொல்வதில்லை. ஒரு சொல்லின் பாடபேதத்துக்குக் கோரும் சான்றை, ஒரு குழந்தையின் வாயில் ஊற்றும் மருந்துக்குக் கோரக் கூசுவானேன்?

மருத்துவர்பால் நியாயமும் வேண்டும். இந்தியாவில் ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தர முடிவது சராசரியாக இரண்டு நிமிடங்களே என்று 2017-இல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. ‘இதற்கு மருந்து தேவையில்லை’ என்று விளக்குவதைவிட மூன்று மாத்திரை எழுதுவது விரைவில் முடியும். வெறுங்கையோடு அனுப்பினால் நாம் அடுத்த தெரு மருத்துவரிடம் போவோம் என்பதும் அவருக்குத் தெரியும். ஊசி போடாதவர் டாக்டரே அல்லர் என்ற தீர்ப்பு நாம் எழுதியது.

ஆகவே திருத்தமும் நம்மிடமிருந்து தொடங்கலாம். இந்த மருந்து இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதனால் எவ்வளவு பயன், என்ன தீங்கு? எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்? பணிவாகவே கேட்கலாம். கேட்பவரிடம் எரிந்துவிழும் மருத்துவரும் இருப்பார். ஆனால் நாம் எதை விரும்புவோம் என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு, அறிந்ததைச் செய்யாமல் விடுகிறவர்கள் அவரைவிடப் பலர். அவர்களுக்கு நம் கேள்வி ஓர் அனுமதி. அதைத் தராதவரை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மருந்துக்கடை அலமாரியிலேயே கிடக்கும்.