உயிரோடு விளையாடும் பழ வியாபாரம்

முள்சீத்தாப் பழம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று கூசாமல் விளம்பரம் செய்து, பழத்தூளையும் இலைப்பொடியையும் விற்றுவருகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு அந்த விளம்பரத்துக்கு இடம் கொடுக்கும் ஊடகங்களும் இதற்கு உடந்தை. இரு தரப்பாரையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

காய்கனிகளின் நன்மையை யாரும் மறுக்கவில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நார்ச்சத்து மிகுந்த உணவு பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களிலிருந்தும் காய்கனிகள் ஓரளவு காக்கக்கூடும். வருமுன் காக்க உதவும் இந்த உணவை, வந்த நோயைத் தீர்க்கும் மருந்தாகத் திரிப்பதுதான் மோசடி.

ஆய்வகத்தில் செல்கள்மீது முள்சீத்தாச் சாறு காட்டிய விளைவை வைத்துக்கொண்டு, மனிதருக்கு நோய் தீரும் என்கிறார்கள். அதற்கு மருத்துவச் சான்று இல்லை. மாறாக, அதிலுள்ள அனோனாசின் என்னும் பொருள் நரம்புச் செல்களைப் பாதிக்கும் என்று ஆய்வுகள் எச்சரிக்கின்றன. காய்கனிகளின் சத்தை மாத்திரையாக்கினாலும் நன்மை உறுதியில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் என்னும் காய்கனிச் சத்தை மாத்திரையாக உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகவே வந்தது.

இந்தப் பொடிகளை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் நோய் முற்றுகிறது. தொடக்கத்திலேயே அறுவை சிகிச்சையால் நீக்கியிருக்கக்கூடிய கட்டி, பிற உறுப்புகளுக்கும் பரவிவிடுகிறது. போன காலத்தை எந்த வியாபாரி திருப்பித் தருவார்?

புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை, 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்திருக்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானதும் அதே 1954இல்தான். மருத்துவமனை தன் கடமையைச் செய்துவருகிறது. சட்டம் மட்டும் ஏட்டில் உறங்கலாமா?

விற்பனையாளர்கள் இந்த விளம்பரங்களை உடனே நிறுத்த வேண்டும். வெளியிட்ட ஊடகங்கள், விளம்பரத்துக்குத் தந்த அதே இடத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் புகாருக்குக் காத்திராமல் தாமாகவே வழக்குத் தொடர வேண்டும்.

வாசகர்களே, கீரையும் காயும் கனியும் நாள்தோறும் உண்ணுங்கள்; புகையிலையை விடுங்கள். ஆறாத புண்ணோ கட்டியோ கண்டால், பொடி தேடி அலையாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.