கரோலினின் பதில்

'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' படத்தை முதலில் பார்த்தது 1991-இல். மேற்படிப்புக்காக அமெரிக்கா போன புதிது. அறைத்தோழி கேசட் வாடகைக்கு எடுத்து வந்தாள். ஜான் ஹியூஸ் 1984-இல் எடுத்த படம். அக்கா கல்யாண அமளியில் தன் 16-ஆவது பிறந்தநாளை வீடே மறந்துபோக, தனியாக மருகும் சமந்தாவுக்காக அழுது தீர்த்தேன். மோலி ரிங்வால்டின் அந்த முகத்தைப் பார்த்து யார்தான் அழமாட்டார்கள்!

அதே படத்தில் வரும் கரோலினுக்காக ஏன் அழவில்லை? போன வாரம் மறுபடி பார்த்ததிலிருந்து நெஞ்சு ஆறவில்லை.

விருந்தில் அவள் தலைமுடி கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. தோழி கத்தரிக்கோலால் முடியை வெட்டி அவளை விடுவிக்கிறாள். நிற்க முடியாத போதை. நாயகன் ஜேக், அவளுடைய காதலன், அவளைத் தன் அப்பாவின் ரோல்ஸ் ராய்ஸில் ஏற்றி, அன்றைக்கு அறிமுகமான ஒரு பொடியனோடு அனுப்பிவிடுகிறான். பொடியன் வழியில் கூட்டாளிகளைக் கூப்பிட்டு அவளோடு போட்டோ வேறு எடுத்துக்கொள்கிறான். விடிந்ததும் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. சந்தோஷமாக இருந்தாயா என்று கேட்கிறான். இருந்த மாதிரிதான் தோன்றுகிறது என்கிறாள். பெற்றோர் துணையோடு பிள்ளைகளும் பார்க்கலாம் என்று தரச்சான்று பெற்ற படம் இது!

எனக்கும் அப்படியொரு விடியல் வந்தது. ஒரு விருந்து, தெரிந்தவனின் கார், நினைவில் இல்லாத நாலு மணி நேரம். ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்னல் அவிழ்ந்து கிடந்தது. அவன் சிரித்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டான். என் வாயில் கரோலினின் பதில்தான் வந்தது. பாவிகளா, வேறு பதில் இருக்கிறதென்று எந்தப் படத்திலாவது காட்டினீர்களா? போலீசுக்குப் போகவில்லை. அம்மாவிடம் மூச்சு விடவில்லை. குடித்தது நான்தானே, சொன்னதும் நான்தானே என்று 30 வருஷத்துக்கு மேலாக என்னையே கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன்.

அந்தக் காலம் அப்படி என்கிறார்கள். எந்தக் காலத்தில் ஐயா, சுயநினைவில்லாமல் கிடந்தவள் சம்மதம் சொன்னாள்? 2018-இல் ரிங்வால்டே 'நியூயார்க்கர்' இதழில் இந்தக் காட்சியை எடுத்துவைத்துக் கேள்வி கேட்டார். ஹியூஸோ 2009-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் யார் வாசலில் போய் நிற்பேன்?

அன்று காரில் கேட்டவனே, எங்கே இருக்கிறாய்? நான் சந்தோஷமாக இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு எத்தனையோ ராத்திரிகளிலும் இல்லை.