அடுக்களைப் பேச்சு: புகைக் கறிச்சுருள்

லீவுக்குப் பேரையூர் வந்த பேத்தி, "அம்மாச்சி, கொத்துக்கறியைத் தட்டி, உள்ளே கீரையும் ஃபெட்டா சீஸும் வச்சுச் சுருட்டி, புகையிலேயே வேக வைப்பாங்களாம். கிரேக்க நாட்டு ருசியாம்!" என்றாள். ஃபெட்டாவுக்கு நான் எங்கே போக? உப்புப் போட்டுப் பிசைந்த பனீர், வதக்கிப் பிழிந்த பசலைக்கீரை போதும்.

அரைக் கிலோ கொத்துக்கறியில் உப்பு, மிளகு, பூண்டு, கோலா உருண்டைக்குப் போடுவதுபோல 3 மேஜைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு. சுருட்டி வாழைநாரால் கட்டினேன். கொல்லையில் சிரட்டைக் கங்குமேல் கம்பி வலை. பானையைக் கவிழ்த்து மூடியாயிற்று. வாசனை தெருவையே தூக்கியது!

அவசரப்பட்டு எடுத்துவிட்டேன், சகோதரிகளே. அறுத்தால் நடுவில் பச்சைக்கறி. ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள், "ஒரு துண்டு கொடுங்க அத்தை" என்று கை நீட்ட, பதறிப்போய்த் தட்டை இழுத்துக்கொண்டேன். முழுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேலேதான். கொத்தும்போது உள்ளேயும் கலந்துவிடும். வேகாத கறி வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கலாம். நடுப்பாகம் 71 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும். வாசனை வந்துவிட்டால் வெந்துவிட்டதென்று அர்த்தமில்லை. அந்தச் சுருள் குழம்புக்குள் போய்க் கொதித்தது.

அடுத்த ஞாயிறு, மணிக்கட்டுப் பருமனில் இரண்டாகச் சுருட்டி, வாழையிலையில் பொதிந்து, இட்லிப் பானை ஆவியில் 45 நிமிஷம். அப்புறம்தான் புகை, 10 நிமிஷம். முதல் துண்டு மருமகளுக்கு. "உப்பு கொஞ்சம் தூக்கல் அத்தை" என்றாள்.