வீட்டுக்குள் வந்த ஓநாய்

ஐப்பசி மழை விட்ட ராத்திரிகளில், கொல்லைக் கதவு ஓரமாக ஒன்று விறுவிறுவென ஓடும். சட்டென்று நிற்கும். மறுபடி ஓடும். "ஐயோ, எட்டுக்கால் பூச்சி!" என்று ஒருவர் அலற, இன்னொருவர் துடைப்பத்தோடு வர, மறுநாள் மளிகை லிஸ்ட்டில் ஒரு ஸ்ப்ரே டப்பா சேர்ந்துவிடும்.

இப்படித் தரையில் ஓடுவது பெரும்பாலும் ஓநாய்ச் சிலந்தி. கிரேக்க மொழியில் 'லைகோஸ்' என்றால் ஓநாய். அதை வைத்தே இந்தக் குடும்பத்துக்கு 'லைகோசிடே' என்று பெயர். இவற்றில் பெரும்பாலானவை வலை பின்னிக் காத்திருக்காது. துரத்தியோ, பதுங்கிப் பாய்ந்தோ இரையைப் பிடிக்கும். ஆனால், ஓநாய் மாதிரிக் கூட்டம் சேராது, தனி ஆள்தான். வலையே இல்லாததால், மாதாமாதம் ஒட்டடை அடித்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது!

பழுப்பு அல்லது சாம்பல் நிறம், முதுகில் நீளவாக்கில் வெளிர்பட்டை, உடம்பெங்கும் பூனை முடி. எட்டுக் கண்கள்: கீழ் வரிசையில் நான்கு சின்னவை, அதற்கு மேலே இரண்டு பெரியவை, தலையின் பின்பக்கமாக இன்னும் இரண்டு. கிட்டே போய் எண்ண வேண்டியதில்லை. இருட்டில் டார்ச்சை நெற்றியருகே பிடித்துத் தோட்டத்துத் தரையைப் பாருங்கள். புல்லுக்குள் பச்சையாக மினுக் மினுக் என்று தெரிகிற புள்ளிகளில் பல இதன் கண்களாக இருக்கும்.

சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்குக் காலை நண்டு போலப் பரப்பியிருக்கிறதே, அது வேறு இனம். கரப்பான்பூச்சி தின்கிற சிலந்தி அது. குளியலறை மூலையில் நூல் போன்ற கால்களோடு தொங்குவதும் வேறு. ஓநாய்ச் சிலந்திக்கு வழவழப்பான பரப்பில் ஏற வராது. பிளாஸ்டிக் வாளிக்குள்ளோ, வாஷ்பேசினிலோ விழுந்தால் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும்.

தாய்ச் சிலந்தியை அடையாளம் காண்பது இன்னும் சுலபம். முட்டைகளைப் பட்டுப் பையில் கட்டி, உருண்டையாகப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டே அலையும். பொரித்ததும் குஞ்சுகள் அம்மா முதுகில் ஏறிக்கொள்ளும். சில நாட்கள் அங்கேயேதான் சவாரி. அந்த நேரத்தில் துடைப்பத்தால் அடித்தால், ஒன்று செத்து, கூடம் முழுக்க டஜன் கணக்கில் சிதறி ஓடும். அடித்தவருக்குத்தான் கூடுதல் வேலை.

இந்தச் சிலந்தியின் அருமை விவசாயக் குடும்பங்களுக்குத் தெரியும். நெற்பயிரைக் கருக வைக்கிற புகையானைப் பிடித்துத் தின்பதில் இது முதல் வரிசை ஆள். இந்தோனேசியாவில் ஒருகாலத்தில் நெல் வயல்களில் மருந்தை வாரி இறைத்தார்கள். மருந்தில் முதலில் செத்தது சிலந்தி. முட்டைகளை இலைத் தண்டுக்குள் வைத்திருந்த புகையான் தப்பி, தின்ன ஆளில்லாமல் பல மடங்கு பெருகியது. கடைசியில், 1986-ல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டது.

வீட்டுக்குள்ளும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான். சிலந்தி வருகிறது என்றால், அது தின்னும் பூச்சிகள் அங்கே இருக்கின்றன என்று அர்த்தம். ஸ்ப்ரே அடித்தால் கண்ணெதிரே இருக்கும் ஒன்று சாகும். நாளைக்கு இன்னொன்று வரும். இடையில் அந்தத் தரையில் தவழ்வது குழந்தை. அதற்குப் பதில் வாசல் பல்பை மாற்றுங்கள். பளீர் வெள்ளை வெளிச்சத்துக்கு ஈசல் முதல் எல்லாம் வரும், பின்னாலேயே சிலந்தி வரும். மஞ்சள் வெளிச்சத்துக்கு அவ்வளவு வராது. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, தண்ணீர் போகும் துளைக்கு ஜாலி. சுவரை ஒட்டிக் கிடக்கும் செங்கல், தேங்காய் மட்டை, பழைய அட்டைப்பெட்டி இவற்றைத் தள்ளி வையுங்கள். உள்ளே வந்துவிட்டதா? எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, காலண்டர் அட்டையை அடியில் செருகி, தோட்டத்தில் விட்டுவிடலாம்.

கடிக்குமா? ஷூவுக்குள்ளோ துணி மடிப்பிலோ மாட்டி நசுங்கினால் கடிக்கும். வலி, சிவப்பு, கொஞ்சம் வீக்கம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் போதும், ஓரிரு நாளில் சரியாகும். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ அது அலர்ஜி, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

உண்மையான ஆபத்து, சிலந்தி செய்யாததையும் சிலந்தி தலையில் கட்டுவதில் இருக்கிறது. காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு போட்டாற்போல் எரிச்சல்; "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது" என்பார்கள். அப்படி எதுவும் கிடையாது. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஆரஞ்சும் கறுப்புமான ஒரு மெல்லிய வண்டை, தூக்கத்தில் தோலில் தேய்த்துவிட்டால் அதன் நீர் பட்டு இப்படிப் புண்ணாகும். உடம்பில் ஒரே பக்கமாகப் பட்டை போலக் கொப்புளம் கிளம்பி வலித்தால், அது அக்கியாக இருக்கலாம். அதற்கான மாத்திரையை மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். காவி பூசிக் காத்திருந்தால், அந்த நாட்கள் போய்விடும்.

எல்லாவற்றையும் விட மோசமானது கட்டுவிரியன். மழைக்காலத்தில், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களை ராத்திரியில் கடிக்கும். பெரிதாக வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட அடையாளம்கூடப் பல நேரம் தெரியாது. "ஏதோ பூச்சி கடித்திருக்கும், தூங்கு" என்று சொல்லிவிடுவது இங்கேதான் உயிரை வாங்குகிறது. தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணமில்லாமல் வயிற்று வலி, வாந்தி, கண் இமை தானாகத் தொங்குவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் எது வந்தாலும் சிலந்தியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கடித்த இடத்தைக் கீறவோ கட்டவோ வேண்டாம், நடக்க விடவும் வேண்டாம். 108-க்கு போன் செய்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பாயைச் சுற்றி ஓரம் செருகிய கொசுவலை, அந்தப் பாம்பையும் தள்ளியே வைக்கும்.