சட்டப் புத்தகமும் அரிதாரமும்

பிள்ளை சட்டம் படிக்கப் போயிருக்கின்றான் என்றால் பெற்றோர் உள்ளம் பூரிக்கின்றது. அதே பிள்ளை முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு மேடையேறுகின்றான் என்று செய்தி வருமாயின், வீட்டில் அன்றிரவு உலை கொதிப்பதில்லை. வன்னியிலிருந்து சட்டம் பயில விரும்பும் பிள்ளை கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சென்று தங்க வேண்டியிருக்கின்றது. வயலை ஈடு வைத்து அனுப்பிய தந்தை, "படிப்புக் கெட்டுவிடுமே" என்று அஞ்சுவதில் நாம் குறை காண மாட்டோம். ஆயினும் அந்த அச்சத்தை ஒருமுறை உரைத்துப் பார்ப்பதற்குத் தக்கதொரு வாழ்க்கை நம்முன் இருக்கின்றது. அது பம்மல் சம்பந்த முதலியாரின் வாழ்க்கை.

1873ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்த சம்பந்தம், கல்வித்துறை உத்தியோகத்தரான விசயரங்க முதலியாரின் மைந்தர். நூல்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர். இளமையில் அவருக்குத் தமிழ் நாடகத்தின் மீது விருப்பம் இருக்கவில்லை, வெறுப்பே இருந்தது. இதனை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கின்றார். அந்நாளில் நாடகம் என்பது படித்தவர்கள் எட்டிப் பார்க்கக் கூசும் தொழிலாக இருந்தது. 'கூத்தாடி' என்ற சொல் வசைச்சொல்லாகவே வழங்கியது. (இன்றும் சில வீடுகளில் அவ்வாறே வழங்குகின்றது என்பதை வாசகர் அறிவர்.)

1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தனர். அச்சபையின் தலைவர் கிருஷ்ணமாச்சார்லு தொழிலால் வக்கீல். அவருடன் நடித்தவர்களும் கற்றோர், உத்தியோகம் பார்ப்போர். பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவரான சம்பந்தம் அதனைக் கண்டார். அவர் நடிப்பைக் கண்டு மயங்கினார் என்பதைவிட, நடித்தவர்கள் இன்னார் என்று கண்டு விழித்துக்கொண்டார் என்பதே பொருத்தமாகும். வக்கீல் ஒருவர் தெலுங்கில் செய்ததைத் தமிழில் நாம் ஏன் செய்யலாகாது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அவ்வாண்டு யூலை 1ஆந் திகதி நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

இங்கே மாணவர்கள் ஒன்றை நுணுகி நோக்க வேண்டும். சபை 1891இல் தோன்றியது. 'புஷ்பவல்லி' என்ற நாடகம் மேடையேறியது 1893இல். இடைப்பட்ட காலத்தைக் கைதட்டல் ஏதுமின்றி, பாடங் கேட்டும் ஒத்திகை பார்த்தும் கழித்த இளைஞர்களின் பொறுமையை எண்ணும்போது நமக்கு வியப்பே மேலிடுகின்றது. அரங்கில் ஏறும் ஆசை எவருக்கும் உண்டு. ஒத்திகைக்கு நேரத்துக்கு வரும் ஆசை சிலருக்கே உண்டு.

பட்டம் பெற்றபின் அவர் சட்டம் பயின்றார். பெரும்புகழ் பெற்ற 'மனோகரா' அந்த மாணவப் பருவத்துப் படைப்பே. 1898ஆம் ஆண்டளவில் வக்கீலானார். அதன் பின்னும் நாடகத்தை விட்டாரல்லர். நாடகத்துக்காகத் தொழிலை விட்டாருமல்லர். பகலில் நீதிமன்றம், மாலையில் சபை என்று பல்லாண்டுகள் வாழ்ந்தார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். எண்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். சேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் 'அமலாதித்யன்' ஆயிற்று. அவர் எழுதிய 'சபாபதி' என்னும் நகை நாடகம் 1941இல் திரைப்படமாகி மக்களைச் சிரிக்க வைத்தது. 1936இல் 'மனோகரா' படமானபோது, ஒருகாலத்தில் மனோகரனாக மேடையில் நின்றவர், அறுபதைக் கடந்த நிலையில் அரசன் புருஷோத்தமனாகத் தோன்றினார். 1959இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1964இல் மறைந்தார்.

சட்டக்கல்வி நாடகத்துக்கு என்ன தந்தது? அதுவே நமக்குச் சுவையான வினா. விடிய விடிய நிகழ்ந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். பாட்டுக்குப் பாட்டு என்றிருந்த இடத்தில் உரையாடலை வைத்தார். கோமாளி தன் மனம்போனபடி பேசுவதைத் தடுத்து, எழுதிய வசனத்தை எழுதியபடி மனனஞ்செய்து பேசவேண்டும் என்று விதித்தார். வழக்கின் சொல் ஒன்று பிசகினால் தீர்ப்பே பிசகும் என்று அறிந்தவரிடம் வேறு எதனை எதிர்பார்க்க முடியும்? அவர் சபையில் சத்தியமூர்த்தி போன்ற அரசியல் அறிஞரும் வேடம் புனைந்தனர். நல்ல குடும்பத்துப் பிள்ளை மேடையேறலாம் என்பதைச் சொற்பொழிவினால் அன்றி, நடித்துக் காட்டியே நிறுவினர்.

அவ்வரங்கில் பெண்கள் இல்லை. பெண்பாத்திரங்களை ஆடவரே ஏற்றனர். சம்பந்த முதலியாருடன் நெடுங்காலம் நாயகி வேடம் தாங்கியவர் அவருடைய ஆருயிர் நண்பர் ரங்கவடிவேலு. அந்நண்பரின் மறைவு அவரை எவ்வளவு உலுக்கியது என்பதை 'நாடக மேடை நினைவுகள்' என்ற அவரது நூலைப் படித்தவர் அறிவர். மேடையில் கணவன் மனைவியாக நின்ற இருவரின் நட்பு, மேடைக்கு வெளியிலும் அத்தகையதோர் உறுதியுடன் விளங்கியது.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1911இல் சுகுண விலாச சபையார் இலங்கை வந்து நடித்தனர். அவரைக் குருவாகக் கொண்ட யாழ்ப்பாணத்துச் சொர்ணலிங்கம், 1913இல் கொழும்பில் இலங்கா சுபோத விலாச சபை உருவாக முன்னின்றார். 'கலையரசு' என்று நாம் போற்றும் அப்பெரியார் 1982 வரை வாழ்ந்தார். தம் மேடை அனுபவங்களை 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நூலாகத் தந்து சென்றார். பாடசாலை மண்டபத்தில் திரை கட்டி, ஆசிரியர் எழுதிக் கொடுத்த வசனத்தை மாணவர் பேசி நடிக்கும் நம் வழக்கத்துக்கு மூலம் தேடிச் சென்றால் அந்தச் சென்னைச் சட்ட மாணவரின் வாயிலிலும் போய் நிற்போம்.

ஆயினும் நமக்கு அவரிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு. கற்றோர்க்கு மேடையைத் திறந்து வைத்தவர்கள், முன்பே அதிலே நின்று ஆடியவர்களைப் பின்னால் தள்ளிவிட்டனர். அவர் பிறப்பதற்கு ஆறாண்டுகள் முன் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், ஊர் ஊராகச் சென்ற தொழில்முறைக் குழுக்களுக்குப் பாட்டும் வசனமும் எழுதி 1922இல் மறைந்தார். அவருக்கு நீதிபதிப் பதவியும் இல்லை, பத்மபூஷணும் இல்லை. தமிழ் நாடகம் இருவராலும் வாழ்ந்தது. மதிப்பு ஒருவர் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சென்றது.

வன்னியில் இருந்து எழுதும்போது இதனை மறப்பது அரிது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலைக் காணாத குடும்பம் இங்கே குறைவு. அந்தக் கண்ணகியின் கதையை முள்ளியவளை மக்கள் கோவலன் கூத்தாகத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்துள்ளனர். அதனைக் கட்டிக் காத்தவர்கள் உழவர்கள்; அண்ணாவியாரின் வாய்மொழியே அவர்களுக்கு ஏடு. பம்மலார் குறைத்த இரவு முழுவதும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவர் நீக்கிய பாட்டே அவர்களுக்கு உயிராயிருந்தது.

சட்டம் படிக்கும் பிள்ளை விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது, அவனை அண்ணாவியார் ஒருவரிடம் அழைத்துச் சென்று பாருங்கள். மத்தளத்துக்கு அடியெடுத்து வைக்கவும், தருவைத் தாளம் பிசகாமற் பாடவும் எத்தனை நாள் பிடிக்கின்றது என்று அவனே எண்ணிக்கொள்ளட்டும். சென்னையில் அந்த இளைஞர்கள் 'புஷ்பவல்லி'க்கு இரண்டு ஆண்டு காத்திருந்தனர்.