மொட்டை மாடிக் கொட்டகையும் ஒரு நாள் ஜுரமும்

மொட்டை மாடியில் கொட்டகை போடாத தெருவை இன்று நகரங்களில் காண்பது அரிது. முன்பு மூங்கிலும் கீற்றும் இருந்த இடத்தில் இப்போது ஜி.ஐ. பைப்பும் தகடும் வந்துவிட்டன. கீற்று சீக்கிரம் மக்கிவிடும். பைப் பல வருஷம் நிற்கும். மக்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால், இந்தக் கொட்டகையின் விலையில் ஒரு பகுதி ரசீதில் வருவதில்லை. அதைக் கொடுப்பவர், மாடி வெயிலில் உட்கார்ந்து வெல்டிங் செய்யும் தொழிலாளி.

ஒரே நெருப்பு, இரண்டு நஷ்டம்

ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. சுமார் 450 டிகிரி சூட்டில் உருகி நிற்கும் துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டில் சோரல் என்பவர் 1837-ல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். காற்றும் ஈரமும் தாக்கும்போது துத்தநாகம் தான் அரிபட்டு, இரும்பைக் காப்பாற்றுகிறது.

இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி சூடு வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே வெல்டிங் பொறி பட்டதும் முதலில் போவது பூச்சுதான். அது வெண்புகையாக எழுந்து தொழிலாளியின் மூக்கில் ஏறுகிறது. பூச்சு இழந்த மூட்டில் துரு பிடிக்கிறது. ஆவி உள்ளே சிக்கினால் பற்றில் துளைகள் விழுந்து மூட்டின் பலமும் குறைகிறது. மேலே சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டால் பார்வைக்குப் பளபளக்கும். ஆனால், அந்தப் பளபளப்பு துத்தநாகத்தின் வேலையைச் செய்யாது.

திங்கட்கிழமை ஜுரம்

புகையைச் சுவாசித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வீட்டில் சாப்பிட உட்காரும்போது வாயில் உலோக ருசி தட்டும். இரவில் குளிர், நடுக்கம், ஜுரம், உடம்பு வலி, இருமல். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும்.

தினமும் புகை பட்டால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது. ஞாயிறு ஓய்ந்து திங்களன்று வேலைக்குப் போனால் மறுபடி ஜுரம் வருகிறது. அதனால்தான் இதற்கு 'திங்கட்கிழமை ஜுரம்' என்று பெயர். பித்தளையிலும் துத்தநாகம் உண்டு அல்லவா? பித்தளை வார்ப்பவர்களுக்கு இந்த ஜுரம் வருவதை ஐரோப்பிய வைத்தியர்கள் 19-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பால் குடித்தால் போதும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. ஒன்று மற்றொன்றை எப்படித் தடுக்கும்?

'ஒரு நாள் ஜுரந்தானே!' என்று அலட்சியம் செய்வதும் தவறு. வெல்டிங் புகை எதுவானாலும் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் முடிவு செய்தது.

சட்டம் எங்கே நிற்கிறது?

தொழிலாளர் பாதுகாப்புக்கென்று 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. நல்லதுதான். ஆனால், 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கட்டட வேலை அதன் கணக்கில் சேராது. சொந்தக் குடியிருப்புக்காக 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் நடக்கும் வேலையும் சேராது.

மாடிக் கொட்டகை போட வருபவர்கள் எத்தனை பேர்? ஒரு மேஸ்திரி, ஒரு வெல்டர், ஒரு கையாள். பெரிய கட்டடத்து வெல்டருக்கு உள்ள சட்டத்தின் காவல் இவர்களுக்கு இல்லை. இன்ஸ்பெக்டர் வரமாட்டார். வந்து நிற்பவர் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

நாம் என்ன செய்யலாம்?

பரிகாரம் கஷ்டமானதல்ல. பற்றவைக்கும் இடத்தின் இரு பக்கமும் ஓர் அங்குலம் முதல் நாலு அங்குலம் வரை பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பைப்பின் உட்புறப் பூச்சு மிஞ்சியிருக்கும். ஆகவே காற்று பக்கவாட்டில் புகையை அடித்துச் செல்லும்படி உட்கார வேண்டும். புகையை வடிகட்டும் முகமூடி அவசியம், கைக்குட்டை உதவாது. வேலை முடிந்ததும் துத்தநாகத் தூள் மிகுந்த பெயிண்டை மூட்டுகளில் பூச வேண்டும். முடிந்த இடங்களில் நட்டும் போல்ட்டும் போட்டு இணைத்தால் புகையே இல்லை.

இதற்கெல்லாம் கொஞ்சம் நேரமும் பணமும் கூடுதலாகும். சதுர அடிக்கு இவ்வளவு என்று அடித்துப் பேசும்போது நாம் குறைப்பது இந்த நேரத்தைத்தான். அடுத்த தடவை கூலி பேசும்போது, "பூச்சைத் தேய்த்துவிட்டுப் பற்றவையுங்கள், அதற்கும் சேர்த்துத் தருகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தொழிலாளியின் உடம்பும் பிழைக்கும். உங்கள் கொட்டகையும் நிலைக்கும்.