இரு தாயரும் ஒரு மகளும்

நம் திரைப்படங்களில் இரு பெண்கள் எதிரெதிரே நின்றால், நடுவில் ஓர் ஆடவன் நிற்பது வழக்கம். சக்களத்திப் பூசல் நமக்குப் புளித்துப்போன கதை. 2002இல் வெளிவந்த மணிரத்தினத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ இவ்வழக்கை மாற்றிற்று. அங்கே இந்திரா, சியாமா என்னும் இருவரிடையே நிற்பவள் அமுதா என்ற சிறுமி.

போரினால் மாங்குளத்தை விட்டுக் கடல் கடந்த சியாமா, இராமேசுவரத்தில் ஈன்ற மகவை அங்கேயே விட்டுத் தாய்மண்ணுக்கு மீள்கிறாள். சென்னையில் அதனை வளர்ப்பவள் இந்திரா. ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மை அறிந்த அமுதா, பெற்றவளைக் காணத் துடிக்கிறாள். அப்போது வளர்த்தவள் நெஞ்சில் எழும் பொறாமை இழிவானதன்று; பிள்ளை கைநழுவிப் போகுமோ என்னும் அச்சம் அது. இருவருள் ஒருத்தியையேனும் கொடியவளாக்காதது அப்படத்தின் பெருமை. மகளின் வினாக்களுக்கோ சியாமாவிடம் விடையில்லை.

அவ்விடையற்ற வினாவே போர் பிள்ளைகளுக்கு வைத்துச் செல்லும் முதுசம். இரண்டாம் உலகப் போரிற் சுமார் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். தப்பியோரின் மௌனம் அவர்தம் மக்களைத் தொடர்ந்தது. தான் யூதப் பெண் என்பதையே அறியாது கன்னிமடத்தில் வளர்ந்தவளின் கதையை, 2013இல் வந்த ‘ஈடா’ என்ற போலந்துப் படம் சொல்கிறது.

மன்னாரில் இருந்து எழுதும் எனக்கு இவை அயலார் கதைகளல்ல. தலைமன்னார்க் கரையிலிருந்து படகேறியோர் எத்தனை பேர்! 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்திலே தஞ்சம் புகுந்தனர். மண்டபம் முகாமிற் பிறந்த பிள்ளைக்கும், புத்தளத்திற் பிறந்த பிள்ளைக்கும் சொந்த ஊர் என்பது பிறர் சொல்லக் கேட்ட கதையே.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. இன்று நம் வகுப்பறைகளில் இருப்போரிற் பெரும்பாலோர் அதன் பின்னர்ப் பிறந்தவர்கள். பழம்புண்ணைக் கிளறுவானேன் என்று சிலர் கேட்பர். உண்மையைச் சொன்னதால் இந்திரா மகளை இழந்துவிடவில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அப்படம் அக்கரையிலிருந்து நோக்கிய கதை. இக்கரைச் சியாமாக்களின் கதையை எழுதவேண்டியவர் நாமே. ஆசிரியர்களே, மாணவர்களை அவரவர் பாட்டிமாரிடம் அனுப்புங்கள். கேட்டதை எழுதி வரட்டும். தமிழர் வீட்டுக் கதையும் முஸ்லிம் வீட்டுக் கதையும் ஒரே வகுப்பில் வாசிக்கப்படட்டும். எவர் துயர் பெரிது என்னும் போட்டி அங்கேதான் ஓயும்.